பிள்ளை பார்க்கிறவருக்கு என்ன சம்பளம்? ஒரு செட்டிநாட்டுக் கணக்கு

காரைக்குடிப் பக்கம் வேலைக்குப் போகும் பெண்கள், பேறுகால விடுப்பு முடியப்போகும் நேரத்தில் அக்கம்பக்கத்தில் விசாரிக்கத் தொடங்குவார்கள். "பிள்ளை பார்க்க நம்பிக்கையான ஆள் கிடைக்குமா ஆச்சி? மாசம் என்ன குடுக்கிறாக?" ஆளுக்கு யாராவது வழி சொல்லிவிடுவார்கள். கோட்டையூரில் ஒருவர் இருக்கிறார், புதுவயலில் தெரிந்தவரின் மருமகள் வேலை தேடுகிறாள் என்று பேச்சு ஓடும். சம்பளம் என்று வந்ததும் ஒவ்வொரு வாயிலிருந்தும் ஒவ்வொரு தொகை வரும். ஒருவர் சொல்வதற்கும் அடுத்தவர் சொல்வதற்கும் இரண்டு மடங்கு வித்தியாசம்கூட இருக்கும். கடைசியில் காதில் விழுந்ததிலேயே குறைந்த தொகைக்குக் கொஞ்சம் மேலே ஒன்றைப் பிடித்து, "இங்க இதுதான் நடப்பு" என்று பேசி முடித்துவிடுகிறோம்.

தொகைகள் இப்படி விலகி நிற்பதற்கு முதல் காரணம், சொல்பவர்கள் எல்லாரும் ஒரே வேலையைப் பற்றிப் பேசுவதில்லை என்பதுதான். பிறந்த குழந்தையைக் காலில் போட்டு, எண்ணெய் தேய்த்து, வெந்நீர் ஊற்றி, சாம்பிராணி காட்டித் துணியில் சுற்றிக் கொடுத்துவிட்டுப் போகும் அம்மா ஒருவகை. அவர் காலையில் ஒரு மணி நேரம் வருவார், முப்பது நாற்பது நாள் வருவார். அவருக்கு நாள் கூலி, முடிவில் ஒரு புடவை. பேறுகாலத்துக்குத் தாய்வீடு வந்திருக்கும் பெண்ணுக்குப் பத்தியச் சமையல் செய்து, தாயையும் பிள்ளையையும் சேர்த்துக் கவனித்துக்கொண்டு இரண்டு மூன்று மாதம் வீட்டோடு தங்குபவர் இன்னொரு வகை. தாயும் தகப்பனும் வேலைக்குப் போனபிறகு காலை முதல் மாலை வரை குழந்தையை ஒற்றை ஆளாக வைத்திருப்பவர் வேறு. ஆண்டு முழுக்க வீட்டிலேயே தங்கி, இரவிலும் குழந்தையோடு படுப்பவர் வேறு. இந்த நாலு வேலைக்கும் சேர்த்து ஒரே விலையை விசாரித்தால் குழப்பம்தான் மிஞ்சும். இந்தக் கட்டுரையில் பெரும்பாலும் மூன்றாமவரைப் பற்றியே பேசப்போகிறேன். ஊரில் இப்போது அதிகம் தேடப்படுவது அவரைத்தான்.

இவ்வளவு தேடல் முன்பு இருந்ததில்லை. நடுவே முற்றம் வைத்துக் கட்டிய வளவு வீடுகளில் அம்மாவைப் பெற்ற ஆயா, அப்பாவைப் பெற்ற அப்பத்தா, கல்யாணம் ஆகாத அத்தை, பங்காளி வீட்டுப் பெரியம்மா என்று குழந்தையைத் தூக்க எத்தனையோ கை இருந்தது. அந்தக் கைகள் போதாத வீடுகளில், வறுமைப்பட்ட குடும்பத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு வயதுப் பெண்பிள்ளை ஒன்றைச் சோற்றுக்கும் துணிக்கும் கூட்டிவந்து, குழந்தை தூக்க வைத்துக்கொண்டார்கள். அதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும். பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகளை வீட்டு வேலைக்கு வைப்பது 2006 அக்டோபர் 10 முதல் தடை செய்யப்பட்டது. 2016இல் வந்த திருத்தம், எந்த வேலைக்குமே அவர்களை அமர்த்தக்கூடாது என்று இறுக்கியது. ஆனால் பிள்ளை தூக்குவது சும்மா இருக்கும் வேலை, சோறு போட்டால் போதும் என்ற அந்தக் காலத்து எண்ணம் சட்டத்தோடு சேர்ந்து போய்விடவில்லை. இன்றைக்கும் சம்பளம் பேசும்போது அது வந்து நடுவில் உட்கார்ந்துகொள்கிறது.

இன்று பல பெரிய வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. பெரியவர்கள் சென்னையிலோ கோயம்புத்தூரிலோ பிள்ளைகளோடு இருக்கிறார்கள். 2024இல் மாநகராட்சியாகிவிட்ட காரைக்குடியில் வாடகைக்குக் குடியிருக்கும் இளம் குடும்பங்களில் பலர் வெளியூர்க்காரர்கள். சிக்ரி என்னும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தில் ஆய்வு செய்பவர், அழகப்பா பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்துபவர், வங்கி ஊழியர், செவிலியர், ஜவுளிக்கடை விற்பனையாளர். பேறுகாலப் பயன் சட்டத்துக்கு 2017இல் வந்த திருத்தம் 26 வார விடுப்பைக் கொண்டுவந்தது. தமிழக அரசு ஊழியர்களுக்கு 2021 முதல் ஓராண்டு. விடுப்பு முடியும்போது குழந்தை தவழத் தொடங்கியிருக்கும், அல்லது நடை பழகிக்கொண்டிருக்கும். கண்ணை எடுக்கவே முடியாத பருவம் அது. ஆளுக்கு அலைவதும் அப்போதுதான்.

சம்பளக் கணக்கை எங்கிருந்து தொடங்குவது? மாதத் தொகையிலிருந்து தொடங்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. நேரத்திலிருந்து தொடங்க வேண்டும். ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். தாய் வங்கியில், தகப்பன் கல்லூரியில், குழந்தைக்குப் பத்து மாதம். பிள்ளை பார்க்கிறவர் காலை எட்டரைக்கு வந்து மாலை ஐந்தரைக்குப் போகிறார். ஞாயிறு விடுமுறை. நாளுக்கு 9 மணி நேரம், மாதம் 26 நாள் என்றால் 234 மணி நேரம். இதற்கு 6,000 ரூபாய் கொடுத்தால் மணிக்கு 26 ரூபாயைக்கூடத் தொடவில்லை. மாதத் தொகையாகச் சொல்லும்போது பெரிதாகத் தெரிவது மணிக்கணக்கில் வகுத்ததும் இப்படிச் சுருங்கிப்போகிறது.

அடிமட்டம் எது என்பதற்கு இரண்டு அளவுகள் கையில் இருக்கின்றன. தமிழக அரசு 2018இல் வீட்டுப் பணியாளர்களுக்குக் குறைந்தபட்ச ஊதியம் அறிவித்தது. மணிக்கணக்கில் வேலை செய்பவருக்கு மணிக்கு 37 ரூபாயில் அது தொடங்கியது. வீட்டோடு தங்குபவருக்குப் பத்து சதவீதம் கூடுதல். அந்தப் பழைய விலையிலேயே போட்டாலும் 234 மணி நேரத்துக்கு 8,658 ரூபாய் ஆகிறது. இரண்டாவது அளவு நூறு நாள் வேலை. 2025-26இல் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட நாள் கூலி 336 ரூபாய். 26 நாளுக்கு 8,736 ரூபாய். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. நூறு நாள் வேலை ஆண்டு முழுக்கக் கிடைப்பதில்லை, அறிவித்த கூலி எல்லா இடத்திலும் முழுதாகக் கைக்கு வருவதுமில்லை என்பது உண்மை. ஆனாலும் சாக்கோட்டைப் பக்கத்திலோ கல்லல் பக்கத்திலோ இருந்து வரும் ஒரு பெண், "இந்த வேலைக்கு வராவிட்டால் எனக்கு வேறு என்ன கிடைக்கும்" என்று யோசிக்கும்போது அவர் கண்முன் நிற்பது அந்தக் கூலி, நாற்று நடவு, பலகாரக் கடையில் தேன்குழல் பிழியும் வேலை, ஜவுளிக்கடை நிற்பு, விசேஷ வீட்டுச் சமையலுக்குக் கைவேலை ஆகியவைதான். அவற்றை விட்டு வருகிறவருக்கு அவற்றுக்குக் கீழே கொடுப்பது எந்தக் கணக்கிலும் சேராது.

அடிமட்டம் என்றால் அதற்குக் கீழே போகக்கூடாது என்றுதான் பொருள். அந்த இடத்திலேயே நின்றுவிட அதில் அனுமதி இல்லை. 2018இல் இருந்த அரிசி விலை, கேஸ் விலை இன்றைக்கு இல்லை. பத்து மாதக் குழந்தையை ஒற்றை ஆளாகப் பார்ப்பது பாத்திரம் தேய்க்கும் வேலையைப் போல முடித்துவிட்டு உட்காரக்கூடியதுமில்லை. என் கணக்கில், ஒரு குழந்தைக்கு மணிக்கு 50 ரூபாய்க்குக் கீழே பேசவே கூடாது. நம் உதாரண வீட்டுக்கு அது மாதம் 11,700. அனுபவம் உள்ளவர், முன்பு இரண்டு மூன்று பிள்ளைகளை வளர்த்துக் கொடுத்தவர் என்றால் 60 ரூபாய், அதாவது 14,040. சென்னையில் இதற்கு மேலே கொடுக்கிறார்கள் என்பார்கள். கொடுக்கிறார்கள்தான். அங்கே அவர் கொடுக்கும் வீட்டு வாடகையும் மேலே. காரைக்குடிக்கு இந்தத் தொகை நியாயமான தொடக்கம்.

வேலையின் கனத்தை அறிய ஒரு நாளைப் பக்கத்தில் நின்று பார்த்தால் போதும். பழைய வீடு ஒன்றின் பின்பகுதியை வாடகைக்கு எடுத்திருக்கும் குடும்பம் என்று வையுங்கள். பட்டாலை என்னும் கூடத்தில் படுக்க வைத்த குழந்தை விழித்ததும் தவழ்ந்து வளவுக்கு வந்துவிடும். வளவின் நடுவே திறந்த முற்றம், இறங்க ஒரு படி. மழை பெய்தால் அங்கே தண்ணீர் நிற்கும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை ஈரம் பட்டால் வழுக்கும், நடை பழகும் பிள்ளை பின்மண்டை அடிபட விழும். பின்கட்டில் கிணறு. ஒவ்வொரு வாசலுக்கும் உயரமான நிலைப்படி. இந்த வீட்டில் ஒரு பிள்ளையின் பின்னால் போவது என்றால் ஒரு நாளைக்கு எத்தனை முறை குனிந்து, தூக்கி, இடுப்பில் வைத்து நடப்பது என்று நினைத்துப் பாருங்கள். நடுவே பருப்புச் சாதம் மசித்து ஊட்ட வேண்டும். ஒரு வாய்க்கு ஒரு காக்கை காட்ட வேண்டும். பால் புட்டியைக் கொதிக்க வைக்க வேண்டும், துணி அலச வேண்டும். காய்ச்சல் அடித்தால் எத்தனை மணிக்கு எத்தனை மில்லி மருந்து என்று தாயிடம் போனில் கேட்டுக் கொடுக்க வேண்டும். பிள்ளை தூங்கும் ஒன்றரை மணி நேரம் ஓய்வுதானே என்று அதைக் கழித்துவிட நினைக்கும் வீடுகளைக் கேள்விப்பட்டிருக்கிறேன். அந்த நேரத்தில் அவர் கடைத்தெருவுக்குப் போய்வர முடியுமா? முடியாது. பிள்ளை எப்போது விழிக்குமோ என்று காதைத் தீட்டிக்கொண்டு அங்கேயேதான் இருக்க வேண்டும். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2011 ஜூன் 16 அன்று நிறைவேற்றிய 189ஆம் உடன்படிக்கை இதைத் தெளிவாகச் சொல்கிறது. ஒருவர் தன் விருப்பப்படி செலவிட முடியாமல் வீட்டாரின் தேவைக்குக் காத்திருக்கும் நேரத்தையும், அந்தந்த நாட்டுச் சட்டம் வரையறுக்கும் அளவுக்கு, வேலை நேரமாகவே கருத வேண்டும் என்கிறது. இந்தியா அதற்கு ஆதரவாக வாக்களித்தது, ஆனால் இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை. சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டாலும் அந்த நியாயம் நம் வீட்டுக்கும் பொருந்தும்.

வேலை பெருகும் விதம் ஒன்று இருக்கிறது. முதல் மாதம் பிள்ளை மட்டும். இரண்டாம் மாதம், "பிள்ளை தூங்கறப்ப அந்த ரெண்டு பாத்திரத்தை மட்டும் போட்டுருங்க அக்கா." நாலாம் மாதம் வீடு பெருக்கித் துடைப்பது. ஆறாம் மாதம் இரவுக்கு மாவு அரைத்து வைப்பது. எதையும் அதட்டிச் சொல்லியிருக்க மாட்டார்கள், எல்லாம் அன்பாகக் கேட்டதுதான். அதனாலேயே அந்த அக்காவால் மறுக்க முடியாமல் போகிறது. பிள்ளையின் துணி, பிள்ளையின் பாத்திரம், பிள்ளைக்கான உணவு ஆகியவை பிள்ளை பார்க்கும் வேலைக்குள் அடக்கம். பெரியவர்களின் சமையல், வீடு துடைப்பது, பெரியவர்கள் துணி ஆகியவை தனி வேலை, தனிச் சம்பளம். அதற்கு அவருக்கு விருப்பம் இருக்கிறதா என்று முதலில் கேட்க வேண்டும். பிள்ளை விழித்திருக்கும்போது இன்னொரு வேலையைச் சுமத்துவது கூடுதல் பணம் கொடுத்தாலும் சரியில்லை. அடுப்படியில் கையும் முற்றத்தில் கண்ணுமாக யாராலும் இருக்க முடியாது.

நேரம் நழுவுவதும் இப்படித்தான். ஐந்தரைக்கு வர வேண்டிய தாய் ஆறு மணிக்கு வருகிறார். ஒரு நாள் என்றால் பரவாயில்லை. தினம் அரை மணி என்றால் மாதத்துக்கு 13 மணி நேரம், 50 ரூபாய் வீதம் 650 ரூபாய். அதோடு அவருடைய பஸ்ஸும் போய்விடும். 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அந்த இலவசப் பேருந்து எல்லாக் கிராமத்துக்கும் எல்லா நேரத்திலும் இருப்பதில்லை. அதை விட்டால் மினி பஸ்ஸுக்கோ ஷேர் ஆட்டோவுக்கோ காசு கொடுக்க வேண்டும், அல்லது இருட்டில் ஒரு மணி நேரம் நிற்க வேண்டும். பஸ் இலவசம்தானே என்று வழிச்செலவைப் பேசாமல் விடும் வீடுகள், அவர் எந்த பஸ்ஸில் வருகிறார் என்று ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம். தாமதமான நாளில் ஆட்டோவுக்குக் கொடுத்து அனுப்புவது குறைந்தபட்ச மரியாதை.

வீட்டோடு தங்குபவரின் கணக்கு இன்னும் கடினம். "சாப்பாடு, தங்க இடம், சோப்பு, எண்ணெய் எல்லாம் நாமதானே பார்க்கிறோம்" என்று சொல்லிச் சம்பளத்தைக் குறைக்கப் பார்ப்பார்கள். என் பார்வையில் இது தலைகீழ். அவர் நம் வீட்டில் தங்குவது நம் வசதிக்காக. தன் வீட்டில் தன் பிள்ளைகளோடு உண்டு உறங்கும் வாய்ப்பை அவர் விட்டுக்கொடுத்திருக்கிறார். சாப்பாட்டைச் சம்பளத்தில் கழிக்கக் கூடாது. இரவில் குழந்தை இரண்டு மூன்று முறை எழும், அவர்தான் எழுந்து பார்க்கிறார் என்றால் இரவும் வேலைதான். 2018 அறிவிப்பு சொன்ன பத்து சதவீதம் இதற்குப் போதவே போதாது. பகல் நேரச் சம்பளத்தின் மேல் இரவுக்குத் தனியாக ஒரு தொகை பேசி, வாரம் ஒரு முழுநாளும் அதன் இரவும் அவருக்கே விட்டுவிட வேண்டும். இரவெல்லாம் விழித்தவருக்கு மறுநாள் பகலில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்க நேரம் வேண்டும். அதைக் கொடுக்க முடியாத வீடு, இரவு வேலையைத் தானே பார்த்துக்கொள்வதுதான் முறை.

புடவை, பலகாரம், பழைய பாத்திரம், பிள்ளைகளுக்குப் போட்ட துணி ஆகியவற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். செட்டிநாட்டில் கொடுத்து வாங்கும் பழக்கம் அழகானது, அது தொடரட்டும். ஆனால் மாதம் 3,000 குறைத்துக் கொடுத்துவிட்டுத் தீபாவளிக்குப் பட்டுப் போன்ற ஒரு புடவை எடுத்துக் கொடுப்பதைச் சம்பளத்தில் சேர்த்துப் பேசக் கூடாது. புடவையைக் கொண்டுபோய்ப் பள்ளிக்கூடத்தில் ஃபீஸ் கட்ட முடியாது. தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளம் போனஸ் என்று முதலிலேயே சொல்லிவிட்டு, புடவையை அதற்கு மேலே மனசாரக் கொடுங்கள். தனித் தட்டு, தனி டம்ளர் வைக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. நம் பிள்ளைக்குத் தன் கையால் சோறு ஊட்டுகிறவருக்குத் தனி டம்ளர் வைப்பதை எந்தச் சம்பளமும் ஈடுகட்டாது.

இவ்வளவையும் வாய்ப்பேச்சில் விடுவதுதான் ஊரில் நடக்கும் பெரிய தவறு. சம்பளம் பேசும்போது பெரும்பாலும் நடக்கும் உரையாடல் இதுதான். "என்னக்கா எதிர்பார்க்கிறீக?" "நீங்க பார்த்துக் குடுங்க ஆச்சி, உங்களுக்குத் தெரியாததா." கேட்டால் வேலை போய்விடுமோ என்ற பயம் அந்தப் பதிலில் இருக்கிறது. பேரம் பேசாத நல்ல மனுஷி என்று நாம் மகிழ்ந்துபோகிறோம். தொகையைச் சொல்லும் பொறுப்பு ஆள் வைப்பவருடையது. மேலே போட்ட கணக்கை அவர்முன் வைத்து, இத்தனை மணி நேரம், மணிக்கு இவ்வளவு, மாதம் இவ்வளவு என்று சொல்லி, குறைவாகப் படுகிறதா என்று கேட்பதுதான் சரி.

எழுதி வைப்பது இந்த மண்ணுக்குப் புதிதும் இல்லை. கல்யாணத்துக்கு இசைகுடிமானம் என்ற ஒப்பந்த ஓலை எழுதிய ஊர் இது. மகனுக்குக் கல்யாணம் ஆனதும் வேறு வைத்து, ஒரே வளவுக்குள் அண்ணனுக்கும் தம்பிக்கும் தனி அடுப்பு, தனி வரவு செலவு என்று வைத்துக்கொண்ட குடும்பங்கள் இவை. மொய்ப்பணத்தைத் தலைமுறை தாண்டியும் ஏட்டில் பார்க்கலாம். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கடைக்கு ஆள் அனுப்பியபோது, கடையை நடத்தும் மேலாளுக்கும் அவருக்கு அடுத்த நிலையில் இருக்கும் அடுத்தாளுக்கும் மூன்று ஆண்டுத் தவணைக்கு என்ன சம்பளம், எவ்வளவு முன்பணம் என்று புறப்படும் முன்பே பேசி எழுதினார்கள். கப்பலேறிப் போன ஆளுக்கு எழுதியதை, நம் பிள்ளையை மடியில் வைத்திருக்கும் ஆளுக்கும் எழுதலாம். ஒரு நோட்டுப் புத்தகத்தின் ஒரு பக்கம் போதும். வரும் நேரம், போகும் நேரம், வார விடுமுறை, மாதச் சம்பளம், அதிக நேரத்துக்கு மணிக்கு எவ்வளவு, என்னென்ன வேலை, என்னென்ன வேலை கிடையாது, போனஸ், விடுப்பு, நிற்பதென்றால் எத்தனை நாள் முன்னால் சொல்வது. இரண்டு பிரதி, இருவர் கையெழுத்து. அவருக்குப் படிக்க வராது என்றால் அவர் மகளோ மகனோ படித்துக் காட்டட்டும். சம்பளம் ஐந்தாம் தேதிக்குள், அவர் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில் போட வேண்டும். அவருடைய கணவர் நம்பருக்கு ஜிபே அனுப்பச் சொன்னால், அவரிடம் தனியாக ஒருமுறை கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

விடுப்பைப் பற்றி எழுதும்போது ஊர்த் திருவிழாவை மறந்துவிடக் கூடாது. பல கிராமங்களில் அம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டால் ஊரார் வெளியூரில் இரவு தங்க மாட்டார்கள். வீட்டோடு தங்கும் ஆளுக்கு அந்த ஒரு வாரம், பத்து நாள் ஊர் போயே ஆக வேண்டும். இது திடீரென்று வருவதில்லை, மாதம் முன்பே தெரியும். ஆண்டுக்குப் பன்னிரண்டு நாளாவது சம்பளத்தோடு விடுப்பு, அதற்கு மேல் உடம்பு சரியில்லாத நாட்கள் என்று வைத்தால் இதெல்லாம் அடங்கிவிடும். அதைப் போலவே, மே மாதம் முழுக்கக் குழந்தையோடு சென்னைக்குப் போய்விட்டு, "நாங்கதான் ஊர்ல இல்லையே" என்று அந்த மாதச் சம்பளத்தை நிறுத்துவது தவறு. அவர் வேலைக்கு வரத் தயாராக இருந்தார், நாம்தான் போனோம். ஜூன் மாதம் அவரே திரும்ப வர வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம் இல்லையா, அந்த எதிர்பார்ப்புக்கும் விலை உண்டு.

முன்பணம் இன்னொரு சிக்கலான இடம். காதுகுத்து, மகள் சீர், ஆஸ்பத்திரி என்று 20,000, 30,000 கேட்பார்கள். முடிந்தால் கொடுங்கள், வட்டி வாங்காதீர்கள், மாதச் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பிடிக்காதீர்கள். கடன் தீரும்வரை வேலையை விட்டுப் போகக் கூடாது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். கடனுக்காக ஒருவரின் உழைப்பைக் கட்டிப்போடுவது 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டப்படி குற்றம். அவர் நின்றுவிட்டால் கடன் கடனாகவே இருக்கும், அதைத் தனியாக வசூலித்துக்கொள்ளலாம்.

"என் சம்பளமே 25,000. அதுல பாதியை அந்த அக்காவுக்குக் குடுத்துட்டு நான் எதுக்கு வேலைக்குப் போகணும்?" இது பல பெண்களின் உண்மையான வலி. இதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் இந்தக் கேள்வியில் ஒரு தவறு ஒளிந்திருக்கிறது. பிள்ளை பார்க்கும் செலவை ஏன் தாயின் சம்பளத்திலிருந்து மட்டும் கழிக்கிறோம்? பிள்ளை இருவருக்கும் பிறந்தது. இரண்டு சம்பளத்தையும் கூட்டி, அதிலிருந்து கழித்துப் பார்க்க வேண்டும். மூன்று ஆண்டு வேலையை விட்டால் பதவி உயர்வு, வைப்புநிதி, திரும்ப நுழைவதற்கான கஷ்டம் என்று எவ்வளவு போகும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் கணக்கு மாறும். அப்படிப் பார்த்தும் முழுநேர ஆளுக்குக் கட்டவில்லை என்றால் நேரத்தைக் குறைக்க வேண்டுமே தவிர, மணிக்கான விலையைக் குறைக்கக் கூடாது. காலையில் தகப்பன் பதினொரு மணி வரை பார்த்துக்கொள்ளும்படி வேலை நேரத்தை மாற்ற முடியுமா, மாமியார் மூன்று நாள் பார்த்துக்கொள்வாரா என்று யோசிக்கலாம். அதே தெருவில் இன்னொரு வீட்டுடன் சேர்ந்து ஒரே ஆளை வைக்கலாம். ஒரு குழந்தைக்கு மணிக்கு 50 என்றால், இரண்டு வீடும் ஆளுக்கு 35 கொடுத்தால் அவருக்கு 70 கிடைக்கும், ஒவ்வொரு வீட்டுக்கும் 15 மிச்சம். இரண்டாவது பிள்ளையைச் சும்மா சேர்த்துப் பார்க்கச் சொல்வது மட்டும் கூடாது.

சம்பளத்தை ஆண்டுக்கு ஒருமுறை, அவர் கேட்கும் முன்பே ஏற்ற வேண்டும். எவ்வளவு என்று தெரியாதவர்கள் நூறு நாள் வேலைக் கூலியைப் பார்த்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் அது 2023-24இல் 294, 2024-25இல் 319, 2025-26இல் 336. எட்டு சதவீதத்துக்கு மேல் ஓராண்டு, ஐந்து சதவீதத்துக்கு மேல் ஓராண்டு. நம் வீட்டில் பிள்ளை பார்க்கிறவருக்கு ஏழெட்டு சதவீதம் ஏற்றுவது பெரிய தாராளம் ஒன்றும் இல்லை.

சம்பளத்துக்கு வெளியே அவருக்குப் பாதுகாப்பு என்று என்ன இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர்களுக்கென்று 2007 முதல் தனி நலவாரியம் இருக்கிறது. 18 முதல் 60 வயது வரை உள்ளவர்கள் பதிவு செய்யலாம். பிள்ளைகளின் படிப்புக்கு, திருமணத்துக்கு, பேறுகாலத்துக்கு உதவித்தொகை, விபத்து மரணத்துக்கு இழப்பீடு, அறுபதுக்குப் பிறகு ஓய்வூதியம் உண்டு. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்தவர் சிவகங்கை மாவட்டத்திலும், பொன்னமராவதி, ராயவரம் பக்கத்தவர் புதுக்கோட்டை மாவட்டத்திலும் தொழிலாளர் துறையின் சமூகப் பாதுகாப்புத் திட்ட அலுவலகத்தை அணுக வேண்டும். வீட்டுப் பணியாளர்தான் என்று உறுதி செய்ய ஆள் இல்லாமல் பலர் பதியாமலே இருக்கிறார்கள். வேலைக்கு வைத்திருப்பவர் ஒருநாள் உட்கார்ந்து பதிந்து கொடுத்தால் வேலை முடிந்தது. ஆண்டுக்கு 20 ரூபாய் கட்டினால் 2 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு தரும் பிரதமரின் திட்டத்தையும் அவர் கணக்கில் நாமே தொடங்கிக் கட்டிவிடலாம். வீட்டுப் பணியாளர்களுக்கென்று தனிச் சட்டம் வேண்டுமா என்று ஆராயக் குழு அமைக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. சட்டம் வரும்போது வரட்டும், இவற்றுக்கு அதுவரை காத்திருக்கத் தேவையில்லை.

ஊரிலிருந்து ஆளைக் கூட்டிப்போகும் வழக்கம் இங்கே அதிகம் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். பல்லவன் ரயிலில் ஏற்றிச் சென்னைக்குக் கூட்டிப்போனால் சம்பளமும் சென்னைக்கு ஏற்றதாகத்தான் இருக்க வேண்டும். போகவர ரயில் செலவு, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நாலு நாள் ஊர், தினம் தன் பிள்ளைகளோடு பேசக் கையில் போன், ஆதார் அட்டை அவரிடமே என்று உறுதி செய்த பிறகு டிக்கெட் போடுங்கள். சிங்கப்பூரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் பார்வையாளர் விசாவில் கூட்டிப்போய்ப் பிள்ளை பார்க்க வைப்பது அங்கே சட்டவிரோதம், மாட்டிக்கொள்வது அந்த அக்காதான். முறையான வேலை அனுமதிக்கு 23 முதல் 50 வயதுக்குள் இருக்க வேண்டும், எட்டு ஆண்டுப் பள்ளிப்படிப்பு வேண்டும். வார ஓய்வு நாள் உண்டு. அதில் மாதம் ஒரு நாளையாவது பணம் கொடுத்து ஈடுகட்ட முடியாது என்பது 2023 முதல் அங்கே விதி. மலேசியாவுக்கு என்றால், முப்பது வயதுக்குட்பட்ட பெண்களை வீட்டு வேலைக்கு அனுப்ப நம் அரசே அனுமதிப்பதில்லை.

குழந்தைக்கு மூன்று வயதாகிப் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் இந்த வேலை முடிந்துவிடும். எப்போது முடியும் என்று தாய்க்குத் தெரியும், பிள்ளை பார்க்கிறவருக்குப் பல வீடுகளில் கடைசி வாரம்தான் தெரிகிறது. பள்ளியில் இடம் கிடைத்த அன்றே அவரிடம் சொல்லிவிட வேண்டும், அடுத்த வீடு தேட இரண்டு மாதமாவது கிடைக்கும். அரை நாளுக்கு இருக்கச் சொல்வதானால், அரை நாள் சம்பளத்தில் அவருக்குக் கட்டுமா என்று கேட்டுத்தான் வைக்க வேண்டும். வேலை செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் பதினைந்து நாள் சம்பளம் என்று கணக்கிட்டு, முன்பண மீதி இருந்தால் அதைத் தனியாகக் காட்டி, கையில் கொடுத்து அனுப்புங்கள். வீட்டு வேலைக்குப் பணிக்கொடை விதி பொருந்தாது, அதில் உள்ள இந்த அளவு மட்டும் எடுத்துக்கொள்ளத் தகுந்தது. கூடவே ஒரு தாளில், இன்ன ஆண்டிலிருந்து இன்ன ஆண்டு வரை எங்கள் பிள்ளையைப் பார்த்துக்கொண்டார், கடைசியாக வாங்கிய சம்பளம் இவ்வளவு என்று எழுதி, போன் நம்பர் போட்டு, கையெழுத்திட்டுக் கொடுங்கள். அடுத்த வீட்டில் சம்பளம் பேசும்போது அவர் அந்தத் தாளைக் காட்டித் தன் தொகையைச் சொல்லிக்கொள்ளலாம்.